காலண்டர் மாட்டுங்க... நோட்டீஸ் ஒட்டாதீங்க!



போன வாரம் சிவகாசியில இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். பி.காம். செகண்ட் இயர். குரல்லயே சோகம்.

"அண்ணே, எங்க மாமா பட்டாசுக் கடை வச்சிருக்கார். அவருக்கு நான்தான் வெப்சைட் பண்ணிக் கொடுத்தேன். ஆர்ட்டிகிள் மார்க்கெட்டிங் பண்ணினா கூட்டம் அள்ளும்னு ஒருத்தர் சொன்னார். மாமாகிட்ட 8,000 ரூபாய் வாங்கி அவர்கிட்டயே பேக்கேஜ் எடுத்தேன். 40 கட்டுரை, 40 சைட்ல போட்டாச்சு. மூணு மாசம் ஓடிப்போச்சு, ஒரு போன்கூட வரலை. 'ஏன் மாப்ள, அந்தக் காசுக்கு நோட்டீஸ் அடிச்சு பஸ் ஸ்டாண்டுல கொடுத்திருந்தா நாலு பேராவது எட்டிப் பார்த்திருப்பான்ல'ன்னு மாமா கேட்கிறார். அவர் மூஞ்சியில முழிக்க முடியலைண்ணே!"

"கட்டுரைகளை அனுப்புங்க தம்பி, படிச்சுப் பார்க்கிறேன்"னேன். அனுப்பினார். போன் ஏன் வரலைங்கிறது முதல் கட்டுரையோட மூணாவது வரியிலயே புரிஞ்சிடுச்சு. ஆறாவது கட்டுரைக்கு வந்தப்போ, 'நல்லவேளை, போன் வரலை'ன்னு தோணுச்சு! அது ஏன்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல, இந்த ஆர்ட்டிகிள் மார்க்கெட்டிங்னா என்ன? சிம்பிள். உங்க தொழில் சம்பந்தமா நாலு பேருக்குப் பிரயோஜனமான ஒரு கட்டுரை எழுதறீங்க. அதை மத்தவங்க நடத்துற சைட்ல போடச் சொல்றீங்க. கட்டுரைக்குக் கீழே உங்க பேர், உங்க சைட்டோட லிங்க். படிச்சவர் 'ஆள் விஷயம் தெரிஞ்சவர்'னு நினைச்சா, லிங்க்கைத் தட்டி உங்ககிட்ட வருவார். இவ்வளவுதான் சங்கதி.

இது என்னமோ அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சுடாதீங்க. இதைச் சிவகாசி ரொம்ப காலமாவே பண்ணிக்கிட்டு இருக்கு. எப்படிங்கிறீங்களா? உங்க வீட்டுச் சுவத்தைப் பாருங்க. டெய்லி காலண்டர் தொங்குதா?

1922-ல சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கத்துக்கக் கல்கத்தா போனாங்க. அடுத்த வருஷம் திரும்பி வந்து ஊர்ல தொழிலை ஆரம்பிச்சாங்க. தீப்பெட்டி வந்ததும் அதுக்கு லேபிள் தேவைப்பட்டுச்சு. லேபிளுக்காக அச்சுத் தொழில் வளர்ந்துச்சு. அந்த அச்சுத் தொழில்தான் இன்னைக்குத் தமிழ்நாட்டுல வீட்டுக்கு வீடு காலண்டர் தொங்க விட்டிருக்கு.

அந்தக் காலண்டரைக் கொஞ்சம் கவனிங்க. மேலே ஒரு சாமி படம், கூடவே ஜவுளிக்கடையோ மளிகைக்கடையோ கொடுத்தவரோட பேர், போன் நம்பர். கீழே தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம். யாராவது கடை பேருக்காகக் காலண்டர் மாட்டுவாங்களா? தேதிக்காகத்தான் மாட்டறோம். ஆனா தினமும் தாளைக் கிழிக்கும்போது கடை பேர் கண்ணுல படுது. வருஷம் 365 நாளும்! பஸ் ஸ்டாண்ட்ல கொடுக்கிற நோட்டீஸுக்கு ஆயுசு எவ்வளவு? வாங்கின கையிலயே கசங்கி, அடுத்த குப்பைத்தொட்டி வரைக்கும்தான்.

கட்டுரைங்கிறது காலண்டரா இருக்கணும். நம்ம தம்பி போட்டது 40 நோட்டீஸ்! எங்கெல்லாம் சறுக்கினார்னு பார்ப்போமா? நாளைக்கு நீங்களும் அப்பா கடைக்கோ, ஃப்ரெண்டோட ஸ்டார்ட்-அப்புக்கோ இதே வேலையில இறங்குவீங்க. அப்போ உதவும்.

சறுக்கல் 1: ஒரே மாவு, நாற்பது தோசை

தம்பியோட 40 கட்டுரைன்னு சொன்னேன்ல? உண்மையில அது ஒரே கட்டுரை. ஒரு சாஃப்ட்வேர்ல போட்டு, வார்த்தைகளை மட்டும் மாத்தி மாத்தி 40 ஆக்கியிருக்காங்க. இதுக்கு 'ஸ்பின்னிங்'னு பேர். அதுல 'கம்பி மத்தாப்பு' 'உலோகக் கயிறு வெளிச்சம்' ஆயிடுச்சு. 'தரைச்சக்கரம்' 'பூமி உருளை' ஆயிடுச்சு. சிவகாசிக்காரன் ஒருத்தன் கம்பி மத்தாப்பை இப்படிச் சொல்வானா? மூணாவது வரியிலயே படிக்கிறவன் ஓடிடுவான்!

ஒரு காலத்துல இந்த வித்தை பலிச்சது நிஜம். 2000-களில் ஈஸின்ஆர்ட்டிகிள்ஸ் மாதிரியான சைட்டுகள் ஓஹோன்னு ஓடிச்சு. யார் வேணும்னாலும் கட்டுரை போடலாம், கீழே லிங்க் வச்சுக்கலாம். கூகுளும் 'இத்தனை பேர் லிங்க் கொடுத்திருக்காங்களே, பெரிய கைதான்போல'ன்னு நம்பிச்சு. 2011 பிப்ரவரியில வச்சாங்க பாருங்க ஆப்பு! 'பாண்டா'ன்னு ஒரு மாற்றம். சரக்கில்லாத, காப்பியடிச்ச பக்கங்களை எல்லாம் கூகுள் கீழே தள்ளிடுச்சு. அமெரிக்காவுல மட்டும் 100 தேடல்ல கிட்டத்தட்ட 12 தேடலோட முடிவு மாறிப்போச்சு. ஈஸின்ஆர்ட்டிகிள்ஸும் அதுல பலமா அடி வாங்கிச்சு. 2012 ஏப்ரல்ல 'பெங்குவின்' வந்து, செயற்கையா லிங்க் சேர்த்தவங்களையும் ஒரு கை பார்த்துச்சு.

ஒரே வீட்டுக்கு ஒரே காலண்டரை நாலு பேர் கொடுத்தா என்ன ஆகும்? ஒண்ணு சுவத்துக்குப் போகும். மத்ததெல்லாம் பிள்ளைங்க நோட்டுக்கு அட்டை போடப் போகும். ஸோ, ஒரு இடத்துக்கு ஒரு கட்டுரை. அதுவும் அந்த இடத்துக்குன்னே புதுசா எழுதினது.

சறுக்கல் 2: தேதி மேலேயே கடை பேர்

ஒரு கட்டுரையில 'குறைந்த விலை சிவகாசி பட்டாசு' அப்படிங்கிற சொற்றொடரை எண்ணிப் பார்த்தேன். 17 தடவை! கீவேர்டாம். "குறைந்த விலை சிவகாசி பட்டாசு வாங்க விரும்பும் நீங்கள் குறைந்த விலை சிவகாசி பட்டாசு பற்றி அறிய..." பஸ்ல எலுமிச்சம்பழம் விக்கிறவர்கூட இதைவிடக் கம்மியாத்தான் கத்துவார்.

தேதி இருக்கற இடத்துல எல்லாம் கடை பேரை அடிச்சு வச்சா, அந்தக் காலண்டரை எவன் மாட்டுவான்? தலைப்புல ஒரு தடவை, உள்ளே இயல்பா வர்ற இடத்துல ஒண்ணு ரெண்டு தடவை. போதும். லிங்க்கும் அப்படித்தான். கட்டுரை முடிஞ்சதும் எழுதினவர் அறிமுகத்துல ஒண்ணு இருந்தாலே தாராளம்.

சறுக்கல் 3: முடி கொட்டுற சைட்ல மத்தாப்பு

அந்த 40 சைட்டுகள் எதுன்னு பார்த்தேன். ஒண்ணு முடி கொட்டுறதுக்கு வைத்தியம் சொல்லுது. ஒண்ணு வெளிநாட்டுக் கார் இன்ஷூரன்ஸ். இன்னொண்ணு என்ன பாஷைன்னே தெரியலை! அங்கே வர்றவன் எதுக்குய்யா சிவகாசிப் பட்டாசு வாங்கப் போறான்?

இதுல பெரிய கம்பெனிகளே மாட்டியிருக்கு. ஜே.சி.பென்னின்னு அமெரிக்காவுல பழைய பெரிய கடை. சம்பந்தாசம்பந்தமே இல்லாத சைட்டுகள்ல அவங்களுக்குக் காசு லிங்க்குகள் கொட்டிக் கிடக்குதுன்னு 2011 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை போட்டு உடைச்சுது. ஒரு பிராண்ட் சூட்கேஸைத் தேடினா முதலாவதா வந்துக்கிட்டு இருந்த கடை, ரெண்டே மணி நேரத்துல 71-வது இடத்துக்குப் போயிடுச்சு! 'எங்களுக்கு இது தெரியவே தெரியாது'ன்னு சொல்லி, அந்த வேலையைப் பார்த்த ஏஜென்சியை அவங்க வீட்டுக்கு அனுப்பினாங்க. ஆனா போனது ஏஜென்சியோட பேரா? கடையோட பேர்!

பேக்கேஜ் எடுத்த தம்பிக்கும் இதுதான் பாடம். யாரோ எழுதலாம், யாரோ போடலாம். கீழே இருக்கிறது உங்க மாமா பேர். உங்க பேர்ல என்ன போகுதுன்னு ஒரு தடவையாவது படிச்சுட்டு அனுப்புங்க. காசு கொடுத்துப் போட்ட லிங்க்கா? அப்போ அந்த லிங்க்குல 'ஸ்பான்சர்ட்' குறிப்பு வைக்கச் சொல்லுங்க. 2019-ல இருந்து கூகுள் இதுக்குன்னே தனி அடையாளம் கொடுத்திருக்கு. படிக்கிறவங்களுக்கும் 'இது விளம்பரம்'னு தெரியற மாதிரி போட்டுடுங்க. மறைச்சு மாட்டறதைவிடச் சொல்லிட்டுப் போறது கௌரவம்.

சறுக்கல் 4: தீபாவளிக்கு முந்தின வாரம்

தம்பியோட கட்டுரைகள் எப்போ வெளியாச்சு தெரியுமா? தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னாடி! கூகுள் அதைக் கண்டுபிடிச்சு, படிச்சு, ஒரு இடத்துல உட்கார வைக்கறதுக்குள்ளே ஊரே வெடிச்சு முடிச்சு, குப்பையைக் கூட்டித் தள்ளியாச்சு.

சிவகாசியில புது வருஷக் காலண்டர் ஆல்பத்தை எப்போ வெளியிடறாங்க? ஆடிப்பெருக்குக்கு! ஜனவரிக்கான சரக்குக்கு ஆகஸ்ட்லயே பூஜை. கட்டுரைக்கும் அதே கணக்குதான். சீஸனுக்கு நாலு மாசம் முன்னாடியே விதையுங்க.

சறுக்கல் 5: தெரியாததை எழுதறது

பட்டாசோட வரலாறு, சீனா, வெடிமருந்து, அப்புறம் 'தீபாவளி ஒரு இனிய பண்டிகை'... இதையெல்லாம் சிவகாசிக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிஞ்சுக்கணுமா? இப்ப ஏ.ஐ. கிட்ட சொன்னா டீ ஆறறதுக்குள்ளே இதே மாதிரி 100 கட்டுரை கொட்டும். 2024 மார்ச்சுல கூகுள் இதுக்கும் ஒரு விதி போட்டுடுச்சு. தேடல்ல மேலே வரணும்னு மட்டும் கட்டுரைகளைக் குவிச்சா அது ஸ்பாம். மனுஷன் எழுதினாலும் சரி, மெஷின் எழுதினாலும் சரி.

பக்கத்துல விருதுநகரைப் பாருங்க. பருப்பு, வத்தல், எண்ணெய்னு 'விருதுநகர் மார்க்கெட் விலை நிலவரம்' பேப்பர்ல வரும். அதுல அழகான வார்த்தை ஒண்ணுகூட இருக்காது. வெறும் பேரும் விலையும். ஆனா எங்கேயோ இருக்கற மளிகைக்கடை அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பார். ஏன்? அந்த விஷயம் அந்த ஊர்க்காரனுக்குத்தான் சரியாத் தெரியும்! உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் எதுவோ, அதுதான் உங்க கட்டுரை.

சறுக்கல் 6: மாமாவோட லைசென்ஸ்

இப்ப வரேன், 'நல்லவேளை'ன்னு சொன்ன விஷயத்துக்கு.

ஆறாவது கட்டுரையில இப்படி இருந்துச்சு: "ஆன்லைனில் ஆர்டர் செய்யுங்கள்! இந்தியா முழுவதும் கூரியரில் டோர் டெலிவரி! புகையே வராத பசுமைப் பட்டாசு! சரவெடி ஸ்பெஷல் தள்ளுபடி! 100% பாதுகாப்பு!"

அஞ்சு வாக்கியம். அஞ்சுமே வில்லங்கம்!

2018 அக்டோபர் 23-ம் தேதி சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு, ஃப்ளிப்கார்ட், அமேசான் உட்பட இ-காமர்ஸ் சைட்டுகள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதே தீர்ப்பு சரவெடிக்கும் தடை போட்டுச்சு, பேரியம் உப்புக்கும் தடை போட்டுச்சு. பட்டாசு வெடிபொருள். சாதாரண பார்சல் மாதிரி தபால்லயோ கூரியர்லயோ அனுப்ப முடியாது. பசுமைப் பட்டாசுங்கிறது நீரி ஆய்வு நிறுவனம் கொடுத்த ஃபார்முலாவுல வர்றது. புகையில கலந்த தூசு சுமார் 30 சதவீதம் குறையும்னுதான் அவங்களே சொல்றாங்க. 'புகையே வராது'ன்னு யாரும் சொல்லலை.

அப்புறம் அந்த '100% பாதுகாப்பு'. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில ஒரு பட்டாசு ஆலை வெடிச்சு முப்பதுக்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. அதுக்கு முன்னாடியும் விபத்து நடந்திருக்கு, அதுக்கு அப்புறமும் நடந்திருக்கு. அந்த மண்ணுல பிறந்த பையன், இப்படி ஒரு வரி தன் பேர்ல போக விடலாமா?

தம்பிகிட்ட கேட்டேன். "இதை நீங்க படிச்சீங்களா?"

"இல்லைண்ணே. எல்லா சைட்லயும் அப்படித்தான் போட்டிருக்காங்கன்னு அவர் சொன்னார். அப்படியே விட்டுட்டேன்."

"மாமா கடைக்கு லைசென்ஸ் இருக்குல்ல? இந்தக் கட்டுரையை ஒரு ஆபீஸர் படிச்சா, முதல்ல யாரைக் கூப்பிடுவார்?"

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

பட்டாசு மட்டும் இல்லை ஃப்ரெண்ட்ஸ். பால்கோவா, மூலிகை எண்ணெய், டியூஷன் சென்டர் எதுவா இருந்தாலும் கதை இதுதான். கூகுள் தண்டிச்சா சைட் கீழே போகும், அவ்வளவுதான். பொய் வாக்குறுதி கொடுத்து மாட்டினா, ஒரு குடும்பத்தோட சோறே போயிடும். காலண்டர்ல நல்ல நேரம் தப்பாப் போட்டிருந்தா, அச்சடிச்சவனையா திட்டுவாங்க? மேலே பேர் இருக்கிற கடைக்காரரைத்தான்!

அப்போ என்னதான் எழுதறது?

தம்பிக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன். "ஒரு ஞாயித்துக்கிழமை லேப்டாப்பை மூடி வச்சுட்டு, மாமா கடையில போய் உட்காருங்க. வர்றவங்க என்ன கேட்கிறாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. மாமா சொல்ற பதிலையும் எழுதுங்க."

நேத்து மறுபடி போன். இந்தத் தடவை குரல்ல உற்சாகம். நோட்டுல 23 கேள்வி இருக்காம். சிலதைப் படிச்சுக் காட்டினார்.

"பசுமைப் பட்டாசான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" பெட்டியில லோகோவும் க்யூ.ஆர். கோடும் இருக்கான்னு பார்க்கணும்.

"ரயில்ல கொண்டு போகலாமா?" கூடவே கூடாது. ரயில்வே சட்டப்படி 3 வருஷம் வரைக்கும் ஜெயில் கிடைக்கலாம்.

"சத்தத்துக்கு அளவு இருக்கா?" இருக்கு. வெடிக்கிற இடத்துல இருந்து 4 மீட்டர் தூரத்துல 125 டெசிபலைத் தாண்டக்கூடாது.

"போன வருஷம் மிஞ்சின பட்டாசு இந்த வருஷம் வெடிக்குமா?" இந்தக் கேள்விக்கு மாமா அரை மணி நேரம் பேசினாராம். ஈரம் எப்படிப் பிடிக்கும், நமுத்துப்போனதைக் கண்டா ஏன் நோண்டிப் பார்க்கக்கூடாது, வெயில்ல காய வைக்கிறது எவ்வளவு ஆபத்து... "எங்க மாமாவுக்கு இவ்வளவு தெரியும்னு எனக்கே இப்பத்தான்ணே தெரியும்!"

பார்த்தீங்களா? 23 கேள்வி, 23 கட்டுரை. 23 காலண்டர் தாள். எந்த சாஃப்ட்வேராலயும் இதைச் சுத்தி எடுக்க முடியாது. ஆன்லைன் ஆர்டர் பட்டனைத் தூக்கிட்டு, கடை விலாசம், திறந்திருக்கும் நேரம், லைசென்ஸ் நம்பர்னு மட்டும் சைட்டை மாத்தப் போறாராம். பழைய 40 கட்டுரையையும் நீக்கச் சொல்லி ஒவ்வொரு சைட்டுக்கும் மெயில் அனுப்பிக்கிட்டு இருக்கார். 11 போயிருச்சு. மிச்சம் 29.

"மாமா என்ன சொல்றார்?"

"8,000 ரூபாயை இன்னும் மறக்கலைண்ணே. ஆனா சாயங்காலம் ஆனா, 'மாப்ள, அடுத்த கேள்வி என்ன?'ன்னு அவரே கேட்கிறார்!"

இந்த வார ஹோம்வொர்க்: உங்க வீட்டுலயோ தெருவுலயோ ஒரு தொழில் பண்றவர் இருப்பார்ல? தையல் கடை, டீக்கடை, சைக்கிள் கடை, எதுவானாலும் சரி. ஒரு மணி நேரம் அவர்கூட உட்கார்ந்து, வாடிக்கையாளர் கேட்கிற 10 கேள்வியை எழுதுங்க. அதுல ஒண்ணுக்கு ஒரு பக்கத்துல பதில் எழுதி, அவர்கிட்டயே படிச்சுக் காட்டுங்க. 'ஆமாய்யா, சரியாச் சொல்லிட்டே'ன்னு அவர் சொன்னா, அதுதான் உங்க முதல் ஆர்ட்டிகிள்.

அடுத்த வாரம் பார்க்கலாமா? பை... பை!